நெஞ்சுக்குள் இறங்கிய வயல்

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வயலுக்குள் இறங்கினால் ஒரு வாசம் எழும். மாதக்கணக்காகக் காய்ந்து வெடித்துக் கிடந்த மண், தண்ணீர் குடித்து, இரும்புச் சில்லால் புரட்டப்பட்டு, தன் அடிவயிற்றை வெளியே காட்டும்போது வருகிற வாசம். பழைய வைக்கோல், நண்டு வளை, அழுகிய கோரைக் கிழங்கு, இன்னும் பெயர் வைக்கப்படாத ஏதோ ஒன்று. வீதியால் போகிறவர்கள் சைக்கிளை மெதுவாக்கி அதை நெஞ்சு நிறைய இழுப்பார்கள். பக்கத்துக் காணிக்காரர் வரம்பில் நின்று, "அப்பாடா, இப்பதான் ஊருக்குச் சீவன் வந்தது" என்பார். நான் யன்னலைச் சாத்துவேன்.

விசர் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். மாரிக்காலங்களில் ஆஸ்பத்திரி வாட்டில் தாதியாக வேலை செய்து முடித்தவளுக்கு அந்த வாசம் வேறொன்று. இடுப்பில் ஒட்டிய ஈரச் சாரம், காய்ச்சல் வியர்வை, ஒட்சிசன் போத்தலில் ஓயாமல் குமிழியிடும் தண்ணீர், யாரோ ஒருவர் இருமலுக்கும் இருமலுக்கும் இடையில் மூச்சைத் தேடுகிற சத்தம். எல்லாம் அந்தச் சேற்று வாசத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும்.

"அக்கா, உங்கட காலத்து நியூமோனியாக்காரரைப் பற்றி ஒருக்கா எழுதித் தாங்கோவன். எங்கட தாதியர் மலருக்கு" என்று வாட்டில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் தொலைபேசியில் கேட்டார்கள்.

"என்ர காலமோ? நான் இன்னும் சாகேல்லையடி" என்றேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. ஐம்பத்தைந்து வயதில், முதுகு இனி ஆட்களைத் தூக்காது என்று சொன்னபோது, ஓய்வு எடுத்தவள் நான். ஆட்களைத் தூக்குவதைத்தான் விட்டேன். மற்றதெல்லாம் இன்னும் தூக்கிக்கொண்டுதான் திரிகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பயிற்சி. விளக்கு வெளிச்சத்தில் சுவாசப்பையின் படத்தைக் கீறிப் பாடமாக்கிய வருடங்கள்: வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு. பிறகு வன்னி. பிறகு இடப்பெயர்வுகள், மாமரக் கிளையில் தொங்கிய சேலைன் போத்தல்கள். அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது மூச்சைப் பற்றி.

கட்டில் தலைமாட்டில் நியூமோனியா என்று ஒரு சொல்லைத்தான் எழுதுவோம். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை விதமான ஆட்கள் குடியிருக்கிறார்கள்! காலையில் விறகு கொத்திய மனிதன் பின்னேரம் பல்லுக் கிட்டி நடுங்கிக்கொண்டு வருவான். நெஞ்சில் ஒரு பக்கம் மட்டும் குத்தும். துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் சளி. எக்ஸ்றேயில் ஒரு மடல் முழுதும் கஞ்சி ஊற்றினாற்போல வெள்ளை. அது பக்ரீறியாவின் வேலை. சரியான மருந்து ஏறினால் ஆள் எழும்பியிருந்து தேத்தண்ணி கேட்பான், அடுத்த நாள் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டுவான். அந்த வகை எனக்குப் பிடிக்கும் என்றால் கோபிக்காதீர்கள். அது முகத்தைக் காட்டிவிட்டு அடிக்கிற எதிரி.

வைரசு அப்படியில்லை. அது வெறும் தடிமன், மூக்குச்சளி என்று பெயர் சொல்லிக்கொண்டு வரும். குழந்தைக்கு மூக்கு அடைக்கும், பால் குடிக்காது, பிறகு பார்த்தால் விலாவெலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே உள்ளே இழுபடும். பக்ரீறியாவுக்குக் கொடுக்கிற மருந்து அதைத் தொடாது. ஒட்சிசனைக் கொடுத்துவிட்டு, தாயின் முகத்தைப் பார்க்காமல் காத்திருக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் பெரிய ஆட்களுக்கும் அப்படித்தான் காத்திருந்தோம். இன்னொன்று இருக்கிறது, நடந்து வருகிற வகை. ஒரு இளம் வாத்தியார் வாரக்கணக்கில் இருமிக்கொண்டே வகுப்பெடுத்துவிட்டு, சைக்கிளில் வந்து, "சும்மா ஒருக்காக் காட்டுவம் எண்டு வந்தனான்" என்றார். அவருடைய எக்ஸ்றேயைப் பார்த்தவர்கள் அவரைப் படுக்கச் சொன்னார்கள். அவர் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்தார். உடலின் காவல் குறைந்தவர்களுக்குப் பூஞ்சணத்தால் வருவதும் உண்டு. கால் முறிந்து வந்து, அசையாமல் கிடந்து, எங்கள் வாட்டிலேயே அதைத் தேடிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எழுதக் கை கூசுகிறது.

வழி மாறிப் போவதால் வருகிறதும் ஒன்று. அதைச் சொல்ல வேண்டுமென்றால் சிஸ்ரர் றெஜினாவைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வாட்டுக்குப் பொறுப்பாக இருந்த மூத்த தாதி. நெடிய, மெல்லிய உருவம். ஆள் வருமுன் குரல் வரும். ஏச்சு. மருந்து அலுமாரியில் இருக்கிற மருந்துகளைப் போல அதுவும் ஒன்று அவருக்கு. ஆளைப் பார்த்து, அளவு பார்த்துக் கொடுப்பார். மூச்சு எண்ணும்போது மட்டும் அந்தக் குரல் அடங்கிவிடும். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், நாடி பார்க்கிறவர் போல. கண் மட்டும் நெஞ்சுக்குழியில் நிற்கும்.

"மூச்சை எண்ணுறன் எண்டு சொல்லிப்போட்டு எண்ணாதை, சாந்தி. சொன்னால் மனுசர் மூச்சைத் திருத்திப்போடுவினம்" என்று என்னிடம் சொன்னார். நிமிடம் முழுதும் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்குவது அவருடைய கணக்கில் களவு.

பக்கவாதம் வந்து நினைவு மங்கிக் கிடந்த விசுவமடு ஐயா ஒருவருக்கு மகள் பால் பருக்கினாள். போகிற உயிர் வறண்டு போகக்கூடாது என்று எங்கள் சனம் வாய்க்குப் பால் விடும். ஆனால் அந்த ஐயா போகவில்லை, தேறிக்கொண்டிருந்தார். மல்லாக்கக் கிடந்தவரின் வாயில் விட்ட பால் வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குப் போயிற்று. இருமல், நீலம் பாய்ந்த உதடு, இரவோடு இரவாகக் காய்ச்சல்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது கொப்பர் போகப்போறார் எண்டு?" சிஸ்ரரின் குரல் வாட்டின் மறு தொங்கல் வரை போனது. "நான் சொன்னனானோ? டொக்டர் சொன்னவரோ? யமன் வந்து உங்கட காதுக்கை சொல்லிப்போட்டுப் போனவனோ? பாசமெண்டால் ஆளை நிமித்தி இருத்திப்போட்டுப் பருக்குங்கோ!"

மகள் அழுதாள். ஐயா பிழைத்தார். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்து, அதைக் குழந்தை குடித்துவிட, தேங்காய்ப்பால் பருக்கிச் சத்தியெடுக்க வைத்துக் கொண்டுவந்த ஒரு தாய்க்கும் அதே குரல்தான். குடித்ததைவிட வாந்தி எடுத்ததுதான் கெடுதி; திரும்பி வரும் வழியில்தான் அந்த எண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கும். சிஸ்ரர் ஏசிய ஏச்சில் அந்த ஒழுங்கை வீடுகளில் இருந்த அத்தனை சோடாப் போத்தலும் மண்ணெண்ணெயைக் கைவிட்டதாகப் பிறகு அறிந்தோம். ஏச்சு வேலை செய்தது. அதை நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

அந்த நம்பிக்கை இருந்த ஒரு மாரியில்தான் மணியம் வந்தார்.

வட்டக்கச்சிக்கு அங்கால், வாய்க்கால் கரையில் வீடு. தகப்பன் மலையகத்துத் தோட்டமொன்றில் கொழுந்துக் கூடை சுமந்தவர். கலவரத்தில் அடித்து விரட்ட, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தவர். மற்றவர்களுடைய வயல்களில் கூலி வேலை. மகன் மணியமும் அப்படியே. நாற்பது கடந்த வயது, நீரிழிவு என்கிற சீனி வருத்தம். அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தவர் மனைவி லெச்சுமி.

காய்ச்சல் விடவில்லை. வழக்கமாகக் கொடுக்கிற மருந்து ஏறியது. காய்ச்சல் அதைக் கவனிக்கவே இல்லை. உடம்பு இறைத்த கிணறு மாதிரி வற்றிக்கொண்டு போனது. எக்ஸ்றேயில் மேல் மடலில் மேகம் போல ஒரு நிழல். அந்த இடத்தில் நிழல் கண்டால் முதலில் காசநோய் என்றுதான் எவரும் நினைப்பார்கள். மூலைக் கட்டிலுக்கு மாற்றினோம். பார்க்க வந்த சொந்தக்காரர் வாசலோடு நின்று கையைக் காட்டிவிட்டுப் போனார்கள். லெச்சுமி அவருக்கென்று ஒரு தனிக் கோப்பை கொண்டுவந்து, அதை மற்றக் கோப்பைகள் படாத இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

சளி எடுப்பது லேசான வேலையில்லை. விடிந்ததும் வாயைக் கொப்பளிக்க வைத்து, வெளியே காற்றோட்டத்தில் இருத்தி, "துப்பல் வேண்டாம் மணியம், அடியிலை கிடக்கிறது வேணும். கிணத்துக்கை வாளி விடுறமாதிரி ஆழத்திலை இருந்து இழுங்கோ" என்று நிற்பேன். இழுத்தார். காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தது. மறுபடியும் எடுத்தோம். மறுபடியும் இல்லை.

அப்போதுதான் வாட்டின் இளம் டொக்டர் இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார். தோலை நடுவில் இருந்து வெளியே வட்டமாகத் துடைத்து, அது தானாகக் காயும்வரை பொறுத்து, இரத்தத்தை எடுத்துப் போசணைக் குழம்பு இருக்கிற போத்தலுக்குள் விட வேண்டும். குளிரில் வைக்கக்கூடாது. கிருமி உயிரோடு இருந்தால்தான் முளைக்கும்.

"உங்கட இரத்தத்தை விதைக்கப்போறம் மணியம் அண்ணை. என்ன முளைக்குதெண்டு பாப்பம்" என்றார் டொக்டர்.

"நம்ம இரத்தத்துல களதாங்க மொளைக்கும்" என்றார் மணியம். அந்தக் காய்ச்சலிலும் சிரிப்பு.

முளைத்தது. தூர இருந்த ஆய்வுகூடத்தில் இருந்து பெயர் வந்தது. மெலியோய்டோசிஸ். டொக்டர் அதை லெச்சுமிக்குச் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

"கசம் இல்லை அக்கா. இது மண்ணிலையும் தண்ணியிலையும் இருக்கிற ஒரு கிருமி. மழை பெய்து சேறானால் மேலை வரும். காலிலை வெடிப்பு, காயம் இருந்தால் அதுக்குள்ளாலை போகும். சில நேரம் மழைக்காத்தோடை மூச்சிலையும் போகும். சீனி வருத்தக்காரரைக் கண்டால் அதுக்கு நல்ல விருப்பம்."

"அப்ப ஒட்டாதுங்களா டொக்டர்?"

"ஆளில இருந்து ஆளுக்கு ஒட்டுறது மிச்சம் அருமை, நடக்கிறதே இல்லையெண்டு சொல்லலாம். பயப்பிடாதேங்கோ."

லெச்சுமி கவிழ்த்து வைத்திருந்த கோப்பையை நிமிர்த்தி, தேத்தண்ணி ஊற்றி, அவருக்குப் பாதி கொடுத்தாள். மீதியை அதே கோப்பையில் தான் குடித்தாள்.

வாரக்கணக்கில் ஊசி. நாளுக்குப் பல தடவை, நேரம் தவறாமல், நரம்பு தேடித் தேடி. கை நரம்பெல்லாம் களைத்துப் போயின. மணியம் வாட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். புதிதாக வருகிறவர்களுக்குக் குளியலறை காட்டினார், சிஸ்ரர் வருகிற நேரம் சொன்னார். "படுங்க, படுங்க, அம்மா வர்றாங்க. கட்டிலுக்குக் கீழ ஒரு வாழப்பழத் தோல் கெடந்தாலும் நம்மள வெளிய தூக்கிப் போட்ருவாங்க."

அப்படியொரு பின்னேரம் லெச்சுமி ஓடிவந்தாள். அரசாங்கத்திடம் கேட்டிருந்த காணி கிடைத்துவிட்டது. வாழ்நாள் முழுதும் மற்றவர்களுக்கு விதைத்து, மற்றவர்களுக்கு அறுத்த மனிதனின் பெயரில், வாய்க்காலின் கடைசி மடையில், ஒரு துண்டு வயல். மணியம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. இருமல் என்று நினைத்து நான் கிட்டப் போனேன். இருமல் இல்லை.

வீட்டுக்கு விடுகிற நாள் சிஸ்ரர் கட்டிலருகில் வந்து நின்றார். "குளிசை மாதக்கணக்கிலை போட வேணும். சுகம் வந்திட்டுது எண்டு நிப்பாட்டினால் அது திரும்பி வரும். வெறுங்காலோடை சேத்துக்கை இறங்கினால் நான் வாட்டுக்கை எடுக்கமாட்டன். வாசல்லயே நிப்பாட்டி ஏசுவன். கையிலை அடிச்சுச் சொல்லுங்கோ."

மணியம் சிஸ்ரரின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். நாங்கள் சேர்ந்து முழங்கால் வரை வருகிற றப்பர் சப்பாத்து ஒரு சோடி வாங்கிக் கொடுத்தோம்.

கிளினிக்குக்கு ஒழுங்காக வந்தார். குளிசை போட்டார். உடம்பு பிடித்தது. சப்பாத்தோடு வயலுக்குப் போகிறவரை வாய்க்கால்காரர் 'இன்ஸ்பெக்டர்' என்று கூப்பிடுகிறார்களாம். "என்ன இன்ஸ்பெக்டர், ஆரைப் பிடிக்கப் போறியள் எண்டு கேக்குறானுங்க மிஸ்ஸி. சேத்துல காலு மாட்டிக்கிச்சுன்னா ரெண்டு பேரு சேந்து இழுக்கணும்." என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிஸ்ரரும் சிரித்தார். அபூர்வம்.

பிறகு அடுத்த காலபோக நெல் விதைப்பு வந்தது.

மழை நன்றாக இறங்கியிருந்த ஒரு காலை. லெச்சுமி அவரை ஓட்டோவில் கொண்டுவந்தாள். இந்த முறை நடக்கவில்லை. இருந்தபடியேதான் மூச்சு எடுக்க முடிந்தது. தோள், கழுத்து, மூக்கின் ஓரம், எல்லாமே மூச்சுக்காக வேலை செய்தன. காதுக்குழாயை முதுகில் வைத்தேன். காய்ந்த பனையோலை மேல் ஆட்கள் நடப்பது போலச் சத்தம், இரண்டு பக்கமும். வலது குதிக்காலில் ஒரு வெட்டுக் காயம், அதைச் சுற்றி வீக்கம்.

"எப்ப தொடங்கினது?" டொக்டர் கேட்டார்.

லெச்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "அது ஆச்சுங்க, பல நாளு. பனிக்காய்ச்சல்னாரு. கடையில குளிசை வாங்கிப் போட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா, மாட்டேன்னுட்டாரு."

"ஏன்?"

அவள் சிஸ்ரரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்துச் சொன்னாள். "வெதப்பு அன்னிக்கு பூட்ஸைக் கழட்டிட்டாருங்க. சொந்தக் காணியில மொத வெதப்பு. வரம்புல கற்பூரம் கொளுத்தி, மண்ணெடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு, பூட்ஸோட மிதிக்க மனசு வரலன்னாரு. சிப்பி வெட்டிருச்சு. காய்ச்சல் வந்ததும் சொன்னேன், வாங்க போவோம்னு. சிஸ்ரருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன், எந்த மொகத்தோட போயி நிப்பேன்னு கேட்டாரு. ஏசுவாங்க, ஏசுவாங்கன்னே கெடந்தாருங்க."

சிஸ்ரர் றெஜினா குனிந்து அந்தக் குதிக்காலைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த குரல் வரவில்லை.

பழையது திரும்பி வந்ததா, புதிதாக உள்ளே போனதா என்று டொக்டரால் சொல்ல முடியவில்லை. இரண்டும் நடக்கும் என்றார். எங்கே தொடங்கினாலும் அது இப்போது இரத்தம் முழுதும் பரவியிருந்தது. வந்த உடனேயே பழைய ஊசியைத் தொடங்கினோம். உடனே என்பது எங்களுக்கு உடனே. கிருமிக்கு அது மிகவும் பிந்தி.

இந்த இடத்தில் என் மனம் எப்போதும் வழி தவறிப் போகும். நியூமோனியாவுக்குக் காரணங்கள் என்று புத்தகத்தில் இருக்கிறதெல்லாம் எனக்கு மனப்பாடம். பக்ரீறியா, வைரசு, பூஞ்சணம், வழி மாறின பால், மண்ணெண்ணெய், மண். வெட்கம் அந்த வரிசையில் இல்லை. பாசமும் இல்லை. வெறுங்காலோடு தன் மண்ணில் நிற்க ஆசைப்படுவதை எந்த வகையில் சேர்ப்பது? பிழையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காலை நானும் அந்த வரம்பில் நின்றிருந்தால், சப்பாத்தைக் கழற்றுகிற மனிதனை மறித்திருப்பேனா? வாழ்நாள் முழுதும் கூலிக்கு இறங்கிய கால்கள் அவை.

அன்று மூச்சுக்காகத் தொண்டைக்குள் போட்ட குழாயை எடுக்க எங்களுக்கு வாய்க்கவில்லை. அந்த வாரம் முடியுமுன் மணியம் போய்விட்டார். லெச்சுமி கடைசி மடைத் துண்டில் அவர் விதைத்ததைத் தானே அறுத்தாள். சிஸ்ரர் வேலையில் இருந்து இளைப்பாறும்வரை என்னோடுதான் வேலை செய்தார். மூச்சு எண்ணினார், கட்டிலின் தலைமாட்டைத் தூக்கி வைத்தார், பால் பருக்க வந்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுத்தார். அதன் பிறகு அவர் ஏசி நான் கேட்கவில்லை. ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது மட்டும், கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "என்ர வாய்க்குப் பயந்தெல்லோ சாந்தி அவன் வராமல் கிடந்தவன்" என்றார். "உங்கட வாயாலை தப்பின சனத்தை ஆர் எண்ணுறது, சிஸ்ரர்?" என்றேன். அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆறுதல் சொல்வதற்கு எனக்குப் பயிற்சி தந்தவர் அவர். அந்த வித்தை அவரிடம் எடுபடாது.

குழாய் போட்ட அந்த மத்தியானத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

பார்வையாளர் நேரம். வெளியே மழை. ஒட்சிசன் முகமூடி போதாது, இனி இயந்திரம்தான் மூச்செடுக்க வேண்டும் என்று டொக்டர் முடிவெடுத்தார். நித்திரைக்கு மருந்து ஏற்றி, தொண்டைக்குள்ளால் குழாய் விடுவார்கள். குழாய் இருக்கும்வரை பேச்சு இல்லை. நான் உறிஞ்சும் இயந்திரத்தைச் சரிபார்த்தேன், நாடாவை வெட்டி வைத்தேன், தலையணையை எடுத்தேன். லெச்சுமியைக் கிட்ட விட்டோம். அவர் முகமூடிக்குள் இருந்து துண்டு துண்டாகச் சொன்னார்: வயலுக்குப் பசளையை இப்போது எறிய வேண்டாம், மழை கழுவிக்கொண்டு போய்விடும், தண்ணீரை மட்டும் கட்டி வை. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு திரைக்கு வெளியே போய் நின்றாள்.

சிஸ்ரர் தலைமாட்டுக்கு வந்தார். காலையில் இருந்து அவர் மணியத்தோடு ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. நெற்றியைத் துடைத்தார், மிக மெதுவாக. மணியத்தின் கண் அவரை விட்டு அகலவில்லை.

"சிஸ்ரர்... ஏசுங்க."

"இப்ப என்னத்துக்கு ஏசிறது, மணியம்? பேசாமல் இருங்கோ."

"நீங்க ஏசாம நிக்கிறதுதாங்க... பயமா இருக்கு."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. டொக்டர் மருந்து ஊசியோடு காத்து நின்றார். சிஸ்ரர் றெஜினா ஒரு மூச்சு இழுத்தார். அடுத்த கணம், முழு வாட்டும் திரும்பிப் பார்க்க, பழைய குரல் வந்தது.

"ஏசாமல் கொஞ்சவோ உன்னை? கையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டுச் சேத்துக்கை இறங்கின மனுசனெல்லோ நீ! காய்ச்சல் எண்டால் அண்டைக்கே வரத் தெரியாதோ? நான் என்ன கரடியோ, உன்னைக் கடிச்சுத் தின்ன? இப்ப நித்திரைக்கு மருந்து தருவினம். பேசாமல் படு. நான் வந்து எழுப்பேக்கை எழும்ப வேணும். விளங்கினதோ?"

முகமூடிக்குள் மணியத்தின் உதடு விரிந்தது.

"வெளங்குச்சுங்க சிஸ்ரர். இந்தத் தடவ சொல்லுக் கேக்குறேங்க."